வண்டிக்குக் காவல்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. பக்கத்து வீட்டு மருமகன் மாடிப்படியில் நின்று சொன்னது. சொல்லி முடிக்கும்வரை என் முகத்தை அவன் பார்க்கவில்லை. எனக்கோ இரக்கம் வருமுன்னே, 'அட, கதை!' என்று நாக்கில் எச்சில் ஊறியது. எழுத்தாளன் புத்தி.

முதல் வரி: மேகத்துக்குள் ஆயிரம் ஆண்டுகளாக அந்தக் கோயில்கள்… (அடித்துவிட்டேன். கோயில் எங்கே ஓடிவிடப் போகிறது? மாமனார் முதலில் வரட்டும்.)

அவனுடைய மாமனார் சுற்றுலாப் பேருந்து ஓட்டியவர். ஆயுசு முழுக்க அந்த மலையடிவாரத்துக்கு ஜனங்களைக் கொண்டுவந்து இறக்கியவர், ஒரு தடவைகூட மேலே ஏறியதில்லை.* பயணிகள் செருப்பையும் பையையும் அவரிடம் தள்ளிவிட்டுப் போவார்கள். திரும்பி வந்ததும், "மேல எப்படி இருந்துச்சு?" என்று கேட்பார்.

(* டிரைவர் வண்டியை விட்டு நகரக்கூடாது. தொழில் அப்படி.)

ஓய்வுபெற்றவருக்கு மேலே ஏறிப் பார்க்கும் அந்த ஒரே ஆசைதான். மருமகன் தன் காரில் கூட்டிப்போனான். மாமனார் புதுச் சட்டை போட்டுக்கொண்டார்.

2

அடிவாரத்தில் மாமனார் மூச்சு வாங்க, மெல்லக் குனிந்து செருப்பைக் கழற்றினார். நடை சாத்திவிடுவார்களோ என்று மருமகனுக்கு ஒரே பறப்பு. வாய் முந்திக்கொண்டது.

"படி செங்குத்தா இருக்கு மாமா. நீங்க வண்டியப் பாத்துக்குங்க. நான் சட்டுனு போய்ட்டு வந்துடறேன்."

மாமனார் கழற்றிய செருப்பைப் பார்த்தார். "அதுவும் சரிதான் மாப்பிள்ளை. பாத்துப் போங்க." அதையே மறுபடி மாட்டிக்கொண்டு, அவனுடைய செருப்பையும் சாவியையும் வாங்கக் கையை நீட்டினார்.

மேலே என்ன அழகு தெரியுமா! வரிசையாகக் குட்டிக் குட்டிக் கற்கோயில்கள், விமானமெல்லாம் பாசி, கருவறையில் எண்ணெய் வாசனை, லிங்கத்தின்மேல் ஒரு கீற்று வெயில். பிராகாரத்தில் மேகம் நம் காலடியிலேயே நகர்ந்தது.

3

ஒரு முடிவு: மருமகன் பாதிப் படியில் திரும்பி ஓடிவந்து மாமனாரைக் கைத்தாங்கலாக (பொய். அவன் திரும்பவே இல்லை.)

இன்னொன்று: கீழே வந்து அவர் காலில் விழுந்து (சே, சினிமா.)

நடந்தது இதுதான். கார் நிழலுக்கு மாறியிருந்தது. கண்ணாடி துடைத்திருந்தது. அவன் செருப்பு, காலை நுழைக்க வாகாகத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. அதைப் பார்த்ததும்தான் தான் செய்தது அவனுக்கு உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. மாமனார் ஆவலாக எழுந்து வந்தார்.

"மேல எப்படி இருந்துச்சு மாப்பிள்ளை?"

அவன் குனிந்து செருப்பை மாட்டத் தொடங்கினான். வர்ணிக்க வேண்டுமென்று நானும் அவன் பின்னாலேயே ஏறினேன். பார்க்க நீங்களும் வந்தீர்கள். கீழே இருந்த மாமனாரை நம்மில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் இன்னும் கேட்டுக்கொண்டு நிற்கிறார். நீங்களாவது பதில் சொல்லுங்கள்.