மட்கார்டில் பதினான்கு கோடுகள்

என் இடத்தில் பூட்டு மட்டும் கிடந்தது. சைக்கிளைக் காணோம்.

எடுத்துப் பார்த்தேன். திருடன் கத்திரி போட்டு நறுக்கியிருந்தால், பூட்டின் கம்பி இரண்டு பக்கமும் நசுங்கி நடுவில் கூராக நிற்கும். இதன் முனை கண்ணாடி போலத் தட்டையாக இருந்தது, ஓரத்தில் சூட்டின் நீலம் வேறு. கட்டிங் மெஷின் வைத்து அறுத்திருக்கிறார்கள். ஆள் நடமாடும் இடத்தில் நின்று, தீப்பொறி பறக்க, காது கிழியச் சத்தம் போட்டுத் திருடுகிறவன் உலகத்தில் கிடையாது. யாரோ உரிமையோடு செய்த வேலை இது.

ரயில் நிலையத்தை ஒட்டிய இந்தக் கம்பிக்கூண்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அட்டையைக் காட்டினால்தான் கதவு திறக்கும். உள்ளே கீழ் வரிசை, மேல் வரிசை என்று இரண்டு அடுக்கு. இங்கே சைக்கிள் விடுகிறவர்களும் இரண்டு வகை. இந்த ஊரில் குடியிருந்து வெளியூரில் வேலை பார்ப்பவர்களின் சைக்கிள் பகலெல்லாம் இங்கே தூங்கும். என்னைப் போல வெளியூரிலிருந்து வருகிறவர்கள் காலையில் ரயிலை விட்டு இறங்கிச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், மாலையில் கொண்டுவந்து விட்டுவிட்டு ரயிலேறுவோம். எங்கள் சைக்கிள் இரவில் தூங்கும். எங்களை நம்பவைக்கத்தான் வாசலில் 'இரவிலும் பாதுகாப்பு' என்று ஆள் உயரத்துக்கு எழுதி வைத்திருக்கிறார்கள்.

நான் தையல் மெஷின் மெக்கானிக். இந்த ஊரில் ஒன்பது தையல் கூடங்கள் என் பொறுப்பு. சைக்கிள் கேரியரில் இரும்புப் பெட்டி ஒன்றை போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறேன். பதினோரு கிலோ. அதைத் தினமும் ரயிலில் தூக்கிச் சுமக்க முடியாது என்றுதான் இந்தக் கூண்டில் இடம் பிடித்தேன். பெட்டியில் இருக்கும் அளவுத் தகடுகள் நானே அரம் போட்டுத் தேய்த்தவை. எந்தக் கடையிலும் கிடைக்காது. அன்று ஒன்பது மணிக்கு ஒரு கூடத்தில் துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷின்கள் ஆறு எனக்காக நின்றுகொண்டிருந்தன. அப்போது மணி ஏழு நாற்பது.

காவலாளியின் அறைக்குப் போனேன். காதில் எப்போதும் சாக்பீஸ் செருகியிருப்பதால் அவருக்கு சாக்பீஸ் என்றே பேர். உள்ளே ஈரச் சாக்கும் பழைய எண்ணெயும் கலந்த நாற்றம். மேஜை முழுக்கக் காய்ந்த டீ வட்டங்கள். ஒன்றின் மேல் ஒன்று.

"அண்ணே, நாப்பத்தொண்ணாம் நம்பர் எடத்து வண்டி எங்க?"

"அதுவா? கேட்பாரில்லாத வண்டின்னு நேத்து ஏழு மணிக்கு அறுத்துக் கொண்டுபோய்ப் போட்டாச்சு."

"நேத்து ஆறு மணிக்கு நான்தானேண்ணே கொண்டாந்து விட்டேன்!"

"நீ விட்டியோ என்னவோ. பதினாலு கோடு விழுந்திருக்கும்மா. பதினாலு நாள் அசையலைன்னா தூக்கணும். ரூல் அப்படி."

கோடு போடும் முறை நல்ல முறைதான். டயரில் தொடங்கி, அது நிற்கும் இரும்புத் தடம் வரை ஒரே இழுப்பாகச் சாக்பீஸால் கோடு இழுக்க வேண்டும். சக்கரம் ஒரு விரற்கடை உருண்டாலும் டயரில் உள்ள பாதியும் தடத்தில் உள்ள பாதியும் விலகிவிடும். விலகாமல் நின்றால் வண்டி அசையவில்லை. அவ்வளவு எளிமை, அவ்வளவு அழகு. இந்த மனிதரோ கோட்டை மட்கார்டில் போட்டிருக்கிறார். மட்கார்டு சைக்கிளோடு போகும், சைக்கிளோடு வரும். கோடும் ஊரெல்லாம் சுற்றிவிட்டுக் கூடவே திரும்பி வரும். அதுவும் அவர் பார்ப்பது காலை ஆறு மணிக்கு. இரவில் தூங்குகிற சைக்கிள் ஆறு மணிக்கு வேறு எங்கே இருக்கும்?

"டயர்லதானேண்ணே போடணும்?"

"டயர் எங்க இருக்கு? தரையில. ஒவ்வொண்ணுக்கும் குனியணும். என் முதுகு என்ன உன் மெஷினா, எண்ணெய் விட்டா மடங்குறதுக்கு?"

எனக்கு அவர் மேல் வந்த கோபத்தைவிட என் மேல் வந்த அருவருப்புதான் அதிகம். பதினான்கு நாளும் அந்தக் கோடுகளை நான் பார்த்திருக்கிறேன். வீட்டுக்காரர் கேட்டபோது, "ராத்திரிக்கு ஒரு கோடு. ஆள் வந்து பாத்துட்டுப் போறார்னு அர்த்தம்" என்று விளக்கம் வேறு சொன்னேன். வண்டியைத் துடைக்கும்போதெல்லாம் கோடுகள் அழியாமல் சுற்றித் துடைத்தேன்.

அப்போதுதான் அவர் கையில் இருந்ததைக் கவனித்தேன். நீண்ட இடுக்கி. ஓவர்லாக் மெஷினின் அடிவயிற்றில் இருக்கும் லூப்பர் கொக்கியில் நூல் கோக்க வசதியாக அதன் நுனியை நான்தான் வளைத்திருந்தேன். அதைக் காதுக்குள் விட்டுக் கண்ணைச் செருகிக்கொண்டு குடைந்தார். வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு, கால்சட்டையில் துடைத்தார்.

"அது என் இடுக்கி."

"உன்னுதா? தூக்கிப் போட்டதுல பெட்டி வாயைப் பொளந்துடுச்சு. சும்மாதானே கெடந்துச்சு. நல்லா வளைஞ்சிருக்கும்மா, எட்டாத எடமெல்லாம் எட்டுது."

வண்டியை எங்கே போட்டார்கள் என்று கேட்டுக்கொண்டு ஓடினேன்.

நிலையத்துக்குப் பின்னால் மதில் ஓரத்தில் சைக்கிள்களைக் குப்பை போலக் குவித்திருந்தார்கள். மேலே உத்தரத்தில் புறாக்கள். சீட்டிலெல்லாம் வெள்ளையும் பச்சையுமாக எச்சம். கீழே தேங்கிய தண்ணீரில் காகிதக் கோப்பைகளும் பீடித்துண்டுகளும் ஊறிக் கிடந்தன. மதிலை ஊரே கழிப்பறையாக வைத்திருப்பது மூக்குக்குத் தெரிந்தது. ஒன்றின் ஹேண்டில் இன்னொன்றின் சக்கரக் கம்பிக்குள் நுழைந்திருந்தது. என்னுடையது நடுவில், தலைகீழாக.

கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கூண்டுக்குப் பொறுப்பான அதிகாரி வந்தார். சின்ன வயது.

"மேடம், எட்டரைக்குப் பழைய இரும்புக்காரர் லாரி வந்துடும். நீங்க தினமும் ஓட்டுனதுக்கு ஆதாரம் இருந்தா குடுங்க, எழுதிக் குடுத்துடறேன்."

"தினமும் என் அட்டையைக் காட்டித்தானே கதவு திறந்திருக்கு?"

"அது நீங்க வந்து போனதுக்கு ஆதாரம். சைக்கிள் வந்து போனதுக்கு?"

பின் சக்கரத்தைப் பார்த்தேன். தையல் கூடத்துத் தரையில் எந்நேரமும் நூல் கிடக்கும். வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு போனால் நூல் சக்கரத்து ஹப்பில் சுற்றிக்கொள்ளும். தினமும் கொஞ்சம், ஒன்றின் மேல் ஒன்றாக.

"கிட்ட வாங்க சார்."

"இங்கேர்ந்தே தெரியுது."

"தெரியாது. வாங்க."

வந்தார். நகத்தால் நூலைப் பிரித்தேன். அடியில் கறுத்துப்போன நீலம், போன வாரத்தது. அதன் மேல் சிவப்பு. எல்லாவற்றுக்கும் மேலே தூசி ஒட்டாத பளிச்சென்ற பச்சை. நான் போட்டிருந்த வேலைச் சட்டையின் கைமடிப்பிலும் அதே பச்சை நூல் இரண்டு ஒட்டியிருந்தது.

"பச்சைத் துணி நேத்துதான் சார் வெட்டுக்கே வந்துச்சு. அந்தக் கூடத்துக்கு போன் போட்டுக் கேளுங்க. அசையாம நின்ன வண்டி எப்படி சார் நேத்து நூலைச் சுத்திக்கும்?"

நூலைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார். போன் போடவில்லை. எழுதிக் கொடுத்தார்.

இழுத்து எடுக்க அரைமணி நேரம் ஆனது. பெட்டியில் தகடுகள் எல்லாம் இருந்தன. எச்சத்தை ஒரு கந்தலால் துடைத்தபோது மற்ற வண்டிகளையும் பார்த்தேன். செயினில் புது எண்ணெய். டயரில் ஈர மண். ஒன்றில் குழந்தை உட்காரும் கூடைகூட இருந்தது. எல்லாம் இரவில் தூங்கும் வண்டிகள். எல்லாம் கீழ் வரிசை.

"இதெல்லாமும் ஓடுற வண்டிதான் சார்."

"அவங்கவங்க வந்து கேக்கட்டும் மேடம்."

"கேக்க வர்றதுக்குள்ள லாரி வந்துடுமே."

கைக்குட்டையை இன்னும் அழுத்திக்கொண்டார். நான் கிளம்பும்போது லாரி எதிரே வந்தது. கூடத்துக்கு ஒன்பது பத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். இடுக்கி இல்லாமல் கொண்டை ஊசியால் நூல் கோத்தேன்.

மாலையில் புதுப் பூட்டோடு அதே கூண்டுக்குத்தான் வந்தேன். வேறு எங்கே போவது? கீழ் வரிசை பாதி காலி. அண்ணாந்து பார்த்தேன். மேல் வரிசையில் ஒரு இடம்கூடக் காலியில்லை. டயர் காற்றிறங்கி, செயின் துருப்பிடித்து, சக்கரக் கம்பிகளுக்கிடையே சிலந்தி குடும்பம் நடத்துகிற வண்டிகள். மேல் தட்டைக் கீழே இறக்கும் விசை என்றைக்கோ இறுகிப்போய்விட்டது. சாக்பீஸின் கை அங்கே எட்டாது, அதனால் கோடும் கிடையாது. செத்தவை அத்தனையும் அரியணையில் இருந்தன. துருத் தண்ணீர் ஒரு சொட்டு என் நெற்றியில் விழுந்தது.

வெளியே போகும் வழியில் அவரே கூப்பிட்டு இடுக்கியை நீட்டினார். கழுவித்தான் வைத்திருப்பதாகச் சொன்னார்.

மறுநாள் காலை, மட்கார்டில் புதுக் கோடு. அவர் எதிரிலேயே எல்லாக் கோட்டையும் அழுத்தித் துடைத்தேன்.

"அட, என்னம்மா நீ! துடைச்சிட்டா, நான் பாத்ததுக்கு என்ன அத்தாட்சி?"

தினமும் அவர் போடுகிறார், நான் துடைக்கிறேன்.

இடுக்கியை மூன்று முறை கொதிக்க வைத்தேன். இருந்தும் லூப்பர் பக்கம் கொண்டுபோக மனம் வரவில்லை. ஹப்பில் சுற்றிய நூலை எடுக்க மட்டும் வைத்திருக்கிறேன். எடுக்கும்போது அன்றைய நூலில் இரண்டு சுற்றை மட்டும் விட்டுவைக்கிறேன்.