பாதி மாத்திரை

விவாகரத்துத் தீர்ப்பைக் கேட்டு வெளியே வந்ததும் நீதிமன்ற வராந்தாவிலேயே ஜெமிமாவுக்கு வலிப்பு வந்தது. துணைக்கு வந்திருந்த தோழி ஜலஜா தாங்கிப் பிடிப்பதற்குள் அவள் விழுந்துவிட்டாள். படியிறங்கிக்கொண்டிருந்த பிளஸ்ஸன் திரும்பி ஓடிவந்தான். சற்று முன்வரை அவளுடைய கணவனாக இருந்தவன். அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்தான். ஜலஜாவின் துப்பட்டாவை மடித்துத் தலைக்கடியில் வைத்து, வாயோரத்து நுரையைத் துடைத்தான். துடிப்பு அடங்கியதும், "நான் வந்தேன்னு சொல்லாதீங்க" என்று ஜலஜாவிடம் சொல்லிவிட்டு எழுந்து போனான்.

போலாரத்தில் இருந்த வீட்டுக்கு ஆட்டோவில் திரும்பும்போது ஜெமிமா கேட்டாள்.

"நான் விழுந்ததை அவர் பாத்தாரா?"

"இல்ல. அப்பவே போயிட்டார்."

ஜெமிமா தலையசைத்தாள். கண்ணில் நீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

சிறிது தூரம் போனபின் ஜலஜா, "மாத்திரை ஒழுங்கா போடுறியா?" என்றாள்.

"பாதியா உடைச்சுப் போட்டுக்கறேன். வேலை போனதிலிருந்து அப்படித்தான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"வாடகையே நீதான் குடுக்கறே. இதையும் எப்படிக் கேக்கறது?"

ஜலஜாவுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. மருந்துக்கடையைப் பார்த்ததும் ஆட்டோவை நிறுத்தினாள்.

"நக்கோ, ஜலஜா, வேணாம்" என்று ஜெமிமா கையைப் பிடித்துத் தடுத்தாள்.

ஜலஜா கையை விடுவித்துக்கொண்டு இறங்கினாள். மாத்திரையும் தண்ணீர் பாட்டிலும் வாங்கிவந்து நீட்டினாள்.

ஜெமிமா பழக்கத்தில் மாத்திரையை நகத்தால் உடைக்கப் பார்த்தாள்.

"உடைக்காதே. முழுசா போடு."

"இன்னும் எத்தனை நாளைக்கு எனக்காக இப்படி அலைவே?"

"தெரியல" என்றாள் ஜலஜா. ஜெமிமா விழுங்கும்வரை பார்த்திருந்துவிட்டு, போகலாம் என்று ஆட்டோக்காரரிடம் சொன்னாள்.