பதினொரு முறை மறுசுழற்சியான மூட்டை

1

இந்தக் கதை எனக்கு ஒரு வங்கியின் சுற்றுச்சூழல் அறிக்கையில், நாற்பத்திரண்டாம் பக்கத்தில் கிடைத்தது. அதைக் கடைசிவரை படித்த ஒரே ஆள் நான்தான். அச்சுக்கோத்தவரே பாதியில் தூங்கிவிட்டதாகக் கேள்வி.

மழை தூறிய அந்த மாலையில் பதிவறைக்காரர் ஜன்னல் வழியே... (வேண்டாம். பதிவறைக்கு ஜன்னலே கிடையாது.)

2

பதிவறைக்காரரைக் 'கோணி அண்ணன்' என்பார்கள். கழிவுத்தாளை மூட்டை கட்டி, எடைபோட்டு, மறுசுழற்சி லாரியில் ஏற்றுவது அவர் வேலை. எட்டாம் எண் மூட்டை மட்டும் ஏறாது. வருடாவருடம் அனுப்பிவிடத்தான் எடைபோடுவார். லாரி வந்ததும் மனசு வராது. எழுதிய எடையை அடிக்கவும் கை வராது. அறிக்கையில் பன்னிரண்டு கிலோ போய்ச் சேரும். மூட்டை அலமாரிக்குப் பின்னால் போய்ச் சேரும்.

உள்ளே இருந்தவை, அதே வங்கியில் டைப்பிஸ்டாக இருந்த அவர் மனைவி, டைப் அடித்துக் கெட்டுப்போன தாள்களின் முதுகில் எழுதி அவர் மேசைக்கு அனுப்பிய சீட்டுகள்.

"மேனேஜர் வர்றார், கொட்டாவிய மூடுங்க."

"பொத்தான மாத்திப் போட்டிருக்கீங்க. ஆபீசே பார்க்குது."

(அவள் இறந்ததை ஒரு பத்தி எழுதினேன். ஈரமாகிவிட்டது. எடுத்துவிட்டேன்.)

3

அறிக்கை எழுதும் அதிகாரி பட்டியலோடு இறங்கி வந்தாள்.

"அண்ணே, பதினோரு வருஷமா ஒரே மூட்டை, ஒரே எடை!"

"நல்லா மறுசுழற்சி ஆகுற மூட்டை மேடம்."

"வெளையாடாதீங்க. மூணு மணிக்குத் தணிக்கைக்காரர் வர்றார். ஒண்ணு, இது லாரியில ஏறணும். இல்லைன்னா நீங்க பொய்க்கணக்கு எழுதுனதா நான் எழுதணும். உங்க வேலை போயிடும்ணே."

மூட்டையைப் பிரித்து ஒரு சீட்டை எடுத்தாள். படித்தாள். இன்னொன்றையும் படித்தாள். பிறகு மூட்டையின் வாயை அவளே இறுகக் கட்டினாள்.

"லாரி ரெண்டரைக்கு," என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

4

முடிவு ஒன்று: மூட்டை லாரியில்... (பேனா ஓடவில்லை.)

முடிவு இரண்டு: வேலையை விட்டுவிட்டு மூட்டையோடு பேருந்து ஏறுகிறார். நடத்துநர் மூட்டைக்கும் டிக்கெட் கேட்கிறார். "இவங்களுக்கும் ஒண்ணு குடுங்க," என்று அவர்...

எது என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.*

* நான் புதுத்தாளில் எழுதுவதில்லை. டைப் அடித்துக் கெட்டுப்போன பக்கத்தில் மிச்சமிருக்கும் வெற்றிடம்தான் பழக்கம். இந்தக் கடைசித் தாளின் மறுபுறத்தை அச்சில் உங்களால் பார்க்க முடியாது. அதில் இருப்பது இதுதான்: "போதும், பேனாவ வைங்க. கேன்டீன்ல காத்துக்கிட்டிருக்கேன்."