பதினாலாவது கிணறு

பன்னிரண்டு ஆய்வுகள், பதினொன்றுக்குத்தான் நிதி. காலையிலிருந்து எட்டுப் பேர் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து, அடுத்த ஐந்து வருடத்துக்கு நாடு எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று முடிவு செய்துகொண்டிருந்தோம். எதைத் தெரிந்துகொள்ள வேண்டாம் என்றும்தான். அதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

கடைசியில் சிக்கியது என் தங்கையின் ஆய்வு. கடலோரத்தில் நாற்பது கிணறுகள். பத்தொன்பது வருடமாக மாதம் தவறாமல் போய், தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று அளக்கிறாள். இன்று வெட்டிவிட்டால் அவ்வளவுதான், விட்டுப்போன மாதங்களை யாராலும் திரும்பிப் போய் அளக்க முடியாது.

உறவினர் விண்ணப்பம் வந்தால் எழுந்து வெளியே போய்விட வேண்டும் என்பது விதி. காலையில் படிவத்தில் 'உறவினர் இல்லை' என்று கையெழுத்துப் போட்டிருந்தேன். அவள் பெயருக்குப் பின்னால் இருப்பது கணவர் பெயர், யாருக்குத் தெரியப்போகிறது? நான் போய்விட்டால் நிலத்தடி நீர் பற்றித் தெரிந்த ஆள் அந்த அறையில் கிடையாது. இப்படி எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

"அஞ்சு வருஷத்துல ஒரே ஒரு கட்டுரை," என்றார் புள்ளியியல்காரர். கணக்குப்புலி என்று நாங்கள் வைத்த பெயர் அவருக்கும் தெரியும், பிடிக்கும். "வரைபடத்தப் பாருங்க, நேர்கோடு. ஒண்ணுமே மாறலைன்னு கண்டுபிடிக்க பத்தொன்பது வருஷமா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். கட்டுரையை எண்ணி மதிப்பெண் போடலாம் என்று போன முறை மூச்சுப்பிடித்துப் பேசியவன் நான்தான். இப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மாறலைன்னு யார் சொன்னா? போன வாரம் பதினாலாவது கிணத்துல உப்பு ஏறிடுச்சு. கரையிலேர்ந்து மூணு கிலோமீட்டர் உள்ள! இப்ப நிறுத்தினா அது எவ்வளவு வேகமா வருதுன்னு ஒருத்தருக்கும் தெரியாமப் போயிடும்."

சிரிப்பு நின்றது. இயற்பியல் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

கணக்குப்புலி நிதானமாகப் பக்கங்களைப் புரட்டினார். "விண்ணப்பம் வந்து ஆறு மாசம் ஆச்சே. போன வாரத்து அளவு உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

ஞாயிற்றுக்கிழமை போனில், "அண்ணா, வந்துடுச்சுண்ணா," என்று அழுகையும் சந்தோஷமுமாக அவள் கத்தியது காதில் கேட்டது. பொய் சொல்லப் பார்த்தேன்.

"என் தங்கச்சி சொன்னா."

தலைவர் பேனாவை மூடி வைத்தார். "கொஞ்சம் வெளிய இருங்க."

"உப்பு ஏறினது நிஜமா?" என்று கேட்டார் இயற்பியல் அம்மா.

"சத்தியமா."

"இனிமே அத எப்படி நாங்க நம்பறது?"

அவர் குரலில் கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

வெளியே பெஞ்ச் இருந்தது, உட்கார முடியவில்லை. கதவில் ஒரு சின்னக் கண்ணாடி. உள்ளே வாய்கள் அசைந்தன, சத்தம் வரவில்லை. தலைவர் ஏதோ கேட்டார். கணக்குப்புலியின் கை உயர்ந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக நான்கு. ஆய்வை வைத்துக்கொள்ளவா, வெட்டவா என்று எனக்குத் தெரியவில்லை. இயற்பியல் அம்மாவின் கை மட்டும் மேசை மேலேயே கிடந்தது. அவர் கதவுக் கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.