சிவப்பில் அடித்த வரி

ஒன்பதரைக்கு வக்கீல் அலுவலகத்தில் இருக்க வேண்டும். எங்கள் ஊர் சுகர் லேண்டிலிருந்து ஃப்ரீவேயில் நான்தான் ஓட்டினேன். பக்கத்தில் மகள் ரெபெக்கா, மடியில் ஒரு ஃபைல். காற்றை அழுத்தி அடைக்கும் கம்ப்ரஸர் இயந்திரங்களுக்கு மேனுவல் எழுதுவது அவள் வேலை. அவள் எழுதியதைப் பார்த்து வால்வைத் திறந்த ஒரு மெக்கானிக்குக் கண் பார்வை போய்விட்டது. கம்பெனி பழியை அவள் தலையில் கட்டப் பார்க்கிறது. இன்றைக்கு அவள் வாக்குமூலம் கொடுக்க வேண்டும்.

அவளுக்கு ஆஸ்டினில் நான்கு வருடம் இலக்கியம் படிக்க ஆசை. "கதை படிச்சா எவன் வேலை குடுப்பான்?" என்று குதித்தது நான்தான். ஒரு வருட டெக்னிக்கல் ரைட்டிங் சர்டிஃபிகேட்டில் சேர்த்துவிட்டேன். சாஃப்ட்வேர், டெம்ப்ளேட், வாக்கியத்துக்கு இத்தனை வார்த்தை என்று அளந்து சொல்லிக்கொடுத்தார்கள். முடித்த மாதமே வேலை. சர்ச்சில் ஒரு ஆள் விடாமல் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எழுதிய முதல் மேனுவலை என்னிடம் காட்டினாள்; பின்னால் அந்த மெக்கானிக் கையில் இருந்தது அதுதான். இருபது வருடம் பிளாண்ட்டில் குப்பை கொட்டியவன் இல்லையா, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். பதினான்காவது ஸ்டெப்பில், வால்வைத் திறக்கச் சொல்வதற்கு முன்னால், இப்படி எழுதியிருந்தாள்: 'இவ்வளவு நேரம் குனிந்து களைத்திருப்பீர்கள். உள்ளே இன்னும் அழுத்தம் இருக்கலாம். முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள்.'

"வார்னிங் எல்லாம் முதல் பக்கத்துலயே இருக்கே. மேனுவல்ல கதை எழுதாத."

"பதினாலாவது ஸ்டெப்புக்கு வர்றதுக்குள்ள அவர் அதை மறந்திருப்பாருப்பா."

"உன் கோர்ஸ்ல என்ன சொல்லிக்குடுத்தாங்க?"

"ஒரு தடவைதான் சொல்லணும்னு." நான் அந்த வரிகளைச் சிவப்பில் அடித்தேன்.

பார்க்கிங்கில் வண்டியை நிறுத்தியதும் கேட்டேன்.

"அந்த வரியை யார் எடுக்கச் சொன்னதுன்னு கேட்டா என்னம்மா சொல்லுவ?"

"நான்தான் எடுத்தேன்னு. சிஸ்டத்துல என் பேர்தானே இருக்கு."

"நான் சொன்னேன்னு சொல்லு ரெபி. நானும் உள்ள வரேன்."

"கோர்ஸ் சொன்னதைச் செஞ்சேன், நீங்க சொன்னதைச் செஞ்சேன். எனக்குத் தெரிஞ்சதை மட்டும் செய்யல. அதைத்தான் கேப்பாங்க."

ஃபைலிலிருந்து ஒரு தாளை மட்டும் உருவி சீட்டில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். நான் சிவப்பில் அடித்த அதே தாள். அது உள்ளே போனால் எழுதியது அவள் என்று தெரியும், அடித்தது யார் என்றும் தெரியும். எனக்குப் பயமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

கட்டிடக் கதவு அவளுக்குப் பின்னால் மூடிக்கொண்டது. என் கை கார் கதவின் பிடியில் இருந்தது. சீட்டிலிருந்து எடுத்த தாள் மடியில். அவ்வளவு அழுத்தி அடித்திருந்தும், சிவப்புக் கோட்டுக்கு அடியில் அந்த வரியை வாசிக்க முடிந்தது: முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள்.