பின்னால் மிதித்தும் நிற்காத சைக்கிள்

பஸ் டிரைவருக்கும் தையல்காரியான அவர் தங்கைக்கும் சைக்கிள் கடையிலேயே வாக்குவாதம் முற்றிவிட்டது. இருவருக்கும் ஆறு வயதில் ஆளுக்கொரு பெண்.

"பிள்ளைக்குக் கையில ஏது பலம்? பெடலைப் பின்னால மிதிச்சா நிக்கிற வண்டிதான் சரி" என்றார் டிரைவர்.

"உனக்கு எல்லாமே கால் பிரேக்தான், அண்ணா. நாளைக்குப் பெரிய சைக்கிள் ஏறும்போது முதல்லேருந்து கத்துக்கணுமா? என் பொண்ணுக்குக் கைப்பிரேக்தான்."

ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வீடு வந்தார்கள். ஒரே கட்டடம். அவர் கீழ்வீடு, அவள் மேல்வீடு.

மூன்று வாரம் கழித்து ஒரு மாலை, டிரைவர் வேலை முடிந்து வாசலுக்குள் நுழைகிறார். வண்டிகள் நிறுத்துமிடத்துச் சரிவில் அவர் மகள் சிட்டு சர்ரென்று இறங்கி வருகிறாள். ஏறியிருப்பது தங்கை மகளின் சைக்கிள். பிள்ளைகள் தங்களுக்குள் மாற்றிக்கொண்டுவிட்டார்கள். சிட்டு பெடலைப் பின்னால் மிதிக்க மிதிக்க, அது சும்மா சுழல்கிறது.

"அப்பா, நிக்க மாட்டேங்குது!"

இருபது வருஷம் பஸ் ஓட்டியவருக்கு அந்த ஒரு சொல் போதாதா? சாப்பாட்டுப் பையை வீசிவிட்டு ஓடி, சீட்டை எட்டிப் பிடித்தார். பிடித்த வேகத்தில் அப்பா, மகள், சைக்கிள் எல்லாம் சேர்ந்து சுவரோரம் சாய்ந்தன. சிட்டுவுக்கு முழங்காலில் சிராய்ப்பு, அவருக்கு முழங்கையில் தோல் உரிந்தது.

சத்தம் கேட்டுத் தங்கை ஓடி வந்தாள், கழுத்தில் அளவு டேப்பைக்கூடக் கழற்றாமல்.

"பிரேக்கே இல்லாத வண்டியையா வாங்கி வச்சிருக்கே?" என்று பாய்ந்தார்.

அவள் கைப்பிரேக்கை அழுத்திக் காட்டினாள். சக்கரம் கச்சிதமாக நின்றது.

"இதைப் பிடிச்சிருக்கலாமே, சிட்டு?"

"அது எதுக்குன்னே தெரியாது, அத்தை." அழுகைக்கு நடுவே கையை நீட்டினாள். விரல் நுனிதான் பட்டது. பிடிக்க எட்டவில்லை.

தங்கைக்குச் சுருக்கென்றது. "அப்ப என் தவளை எப்படி நிறுத்துறா?"

தவளை, அதாவது எந்நேரமும் குதிக்கும் அவள் மகள், சரிவின் மேலே சிட்டுவின் சைக்கிளோடு அழுதுகொண்டிருந்தாள். கிளம்புவதற்காகப் பெடலை மேலே கொண்டுவரப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறாள். அது இறுகி நின்றுவிட்டது.

"நான் ஷூவைத் தரையில தேய்ச்சுதான் நிறுத்துவேன்" என்றாள் விசும்பிக்கொண்டே. காலைத் தூக்கிப் பார்த்தால் ஷூவின் அடிப்பாகம் காகிதம்போல் தேய்ந்திருந்தது.

தங்கை அந்த ஷூவைப் பிடித்துத் தடவிப் பார்த்தாள். "மூணு வாரமா பிரேக் பிடிக்காமலா ஓட்டியிருக்கா?"

குத்திக்காட்ட டிரைவருக்கு நாக்கு நுனிவரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டார். "நான் மட்டும் என்னத்தைக் கிழிச்சேன்? கைப்பிரேக்னு ஒண்ணு இருக்குன்னே என் பொண்ணுகிட்ட சொல்லலையே."

உள்ளே போய் ஸ்க்ரூடிரைவரோடு வந்தார். பிரேக் பிடியின் ஓரத்தில் இருந்த சின்னத் திருகைத் திருப்ப, பிடி கைப்பிடியை நோக்கி நெருங்கியது. தங்கை தவளையின் விரலை டேப்பால் அளந்து சொல்லச் சொல்ல, அதற்கேற்ப வைத்தார். கடைசியில் தவளை தானே அழுத்திப் பார்த்து, சக்கரம் நின்றதும் வாயைப் பிளந்தாள்.

மறுநாளிலிருந்து சமதரையில் இரண்டு பேரும் இரண்டு வண்டியையும் மாற்றி மாற்றிப் பழகினார்கள். அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு மூலையில் நின்று, "பிடி, பிடி!", "மிதி, மிதி!" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள்.