குட்டைவாலுக்கு நான் எழுதாத முடிவு

1

இந்தக் கதை வாங்கிய திட்டில் பிறந்தது. முதல் பிரதியில் கோழி ஏக்கத்தில் செத்துப்போகும். தையல்காரி அதை மடியில் போட்டு அழுவாள். ரொம்ப உருக்கமாக வந்துவிட்டது என்ற மிதப்பில், அந்தத் தையல்காரிக்கே, அதாவது என் அக்காவுக்கே, அனுப்பிவைத்தேன். உடனே போன்.

"ஏன்டா, உனக்கு அறிவிருக்கா? உயிரோட இருக்கிறதை எதுக்குடா கொன்னே? இப்பக்கூட என் காலைக் கொத்திக்கிட்டு நிக்குது!"

"கதைக்காகத்தான்க்கா..."

"உன் கதைக்கு ஒரு சாவு வேணும்னா நீ செத்துக்கோ."

ஆகவே இதில் கோழி சாகாது.

2

வேறு தொடக்கம்: மாலை வெயில் காலிக் கூண்டின் மேல் சாய்ந்து, ஒரு (வேண்டாம். வெயிலுக்கு இங்கே என்ன வேலை?)

நடந்தது இதுதான். தையல்காரி வீட்டுப் பின்வாசலில் ஆறு கோழிகள். அவள் கணவர், பஸ் டிரைவர், எனக்கு மாமா, ஒருநாள் சந்தையிலிருந்து இன்னொன்றை வாங்கி வந்தார். அது தும்மியது. கொஞ்ச நாள் தள்ளி வைத்துப் பார்க்கலாம் என்று அவள் தலைபாடாக அடித்துக்கொண்டாள். "தனியா கிடந்தா பயப்படும், பாவம்" என்று அவர் அன்றைக்கே கூண்டுக்குள் விட்டுவிட்டார். முகம் வீங்கி, கண் ஒட்டி, மூச்சுக்கு வாயைப் பிளந்துகொண்டு ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன. பழைய ஆறில் குட்டைவால் மட்டும் பிழைத்தது. குழி தோண்டியதெல்லாம் அவள்தான். மாமாவுக்கு டியூட்டிக்கு நேரமாகிவிட்டதாம்.

(மாமாவுக்கும் ஒரு மனசு உண்டு என்று இங்கே ஒரு பத்தி இருந்தது. அக்கா அடித்துவிட்டாள். "அவர் மனசை அவரே எழுதிக்கட்டும்.")

3

குட்டைவால் தனியாக இரை எடுக்காது. அவள் தரையில் குந்தி, கிண்ணத்தை விரலால் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அவள் எழுந்தால் அதுவும் தீனியை விட்டுவிட்டுப் பின்னாலேயே வந்துவிடும். தையல் மிஷினையே பின்வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவள் மிதிக்க மிதிக்க, அது துண்டுத்துணிக் கூடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்தவள் சிரித்தாள். "கோழிதானே! அடிச்சுச் சாப்பிட்டுட்டு வேலையைப் பாரும்மா." தையல்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துணியைச் சுருட்டி அவள் கையிலேயே திணித்து அனுப்பினாள்.

கால்நடை டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார்: "பிழைச்சதோட உடம்புல நோய் தங்கிடும்மா. புதுசா எதைப் பக்கத்துல விட்டாலும் ஒட்டிக்கும்." மாமாவும் கூடவேதான் நின்றார், நன்றாகத் தலையாட்டிக்கொண்டு.

4

இனி முடிவு. மாமா கையில் ஒரு பையோடு முன்வாசலில் நிற்கிறார். பை அசைகிறது.

"தனியா கிடக்குதே, பாவம். துணைக்கு ஒண்ணு வாங்கிட்டு வந்தேன்."

மறுபடியும் அதே பாவம்! அவள் வாசலை மறித்துக்கொண்டாள். "போன தடவையும் இதைத்தானே சொன்னீங்க? உங்க பாவத்துக்கு இன்னும் எத்தனை குழி தோண்டணும் நான்? திருப்பிக் கொண்டு போங்க!"

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். வெளியே பைக்குள்ளிருந்து ஒரு கொக்கரிப்பு. பின்வாசலிலிருந்து, மற்றதெல்லாம் செத்த பிறகு முதல்முறையாக, குட்டைவால் பதில் குரல் கொடுத்தது. வீட்டுக்குள்ளே ஓடி வந்தது. கதவுக்கடியில் அலகை நுழைத்து நுழைத்துக் கூப்பிட்டது.

முடிவு ஒன்று: அவள் திறக்கிறாள். ஒரு வாரம் இரண்டும் ஒரே கிண்ணத்தில் கொத்துகின்றன. பிறகு புதுசு தும்முகி

முடிவு இரண்டு: அவள் திறக்கவில்லை. இது கூப்பிட்டுக் கூப்பிட்டு

எழுத வரவில்லை. அக்காவுக்குப் போன் போட்டேன். பின்னால் கோழி கத்துவது கேட்டது.

"கதவு இன்னும் சாத்தித்தான் இருக்கு. அவரும் போகல. இதுவும் நிறுத்த மாட்டேங்குது. நான் என்னடா பண்ணட்டும்?"

அவ்வளவுதான். திட்டவே இல்லை.

எனக்குத் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள், அக்கா லைனில்தான் இருக்கிறாள். ஆனால் 'கோழிதானே' என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள்.